வான்வழிக் காவலுக்கும் எழுத்துறுதி வேண்டும்

ஒரு நாட்டின் நிலத்துக்கும் அதன் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வான்வெளி அந்நாட்டுக்கே முழுமையாக உரியது. 1944 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி சிக்காகோ நகரிற் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை இதனை ஐயத்துக்கு இடமின்றி விதித்துள்ளது. 1948 இல் இலங்கையும் அதில் இணைந்தது. இன்று 193 நாடுகள் அவ்வுடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டுள்ளன. வானத்துக்கும் உடையவன் உண்டு என்பது இனி வாதத்துக்குரிய விடயமன்று.

ஆனால், அதே உடன்படிக்கையின் 28 ஆம் உறுப்புரையை எடுத்துப் படிப்போர் மிகச் சிலரே. தன் ஆட்சிப்புலத்தில் விமானங்கள் பாதுகாப்பாகச் செல்வதற்கு வேண்டிய வானொலி, வானிலை, வழிகாட்டு வசதிகளை இயன்றவரை அளிப்பதற்கு ஒவ்வொரு நாடும் கடப்பாடு ஏற்கின்றது என அவ்வுறுப்புரை கூறுகின்றது. உரிமையைப் பேசும் வாசகமும் கடமையைப் பேசும் வாசகமும் ஒரே பத்திரத்திலே உள்ளன. வானம் என்னுடையது என்று சொல்லும் அரசு, அவ்வானிற் பறப்போரின் உயிருக்கும் நானே காவல் என்று சொல்லியாக வேண்டும்.

அக்காவலை அயல் நாட்டோடு சேர்ந்து செய்யலாமா? செய்தால் நாட்டின் இறைமை குறைந்துவிடுமா? காவல் தவறி உயிர்கள் மாய்ந்தால் எவர் பதில் சொல்வது? வானூர்தி நிபுணர்களுக்கு மாத்திரம் உரிய கேள்விகள் இவை என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. கடல் கடந்து தொழில் செய்யும் பிள்ளையைக் கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவற்றில் அக்கறை உண்டு. எமது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றோம். காவற் பணியை அயலவனோடு பகிர்வதால் இறைமை அழியாது. ஆயின், அப்பகிர்வு எழுத்திலே, சட்டத்தின் வலுவோடு அமைதல் வேண்டும். எழுத்தில்லாத நல்லெண்ணம், விபத்து நேர்ந்த மறுநாளே ஒருவரை ஒருவர் சுட்டும் விரலாக மாறிவிடும்.

வான் காவல் என்பது யாது? முப்பதினாயிரம், நாற்பதினாயிரம் அடி உயரத்தில் ஜெற் விமானம் நிமிடத்துக்கு எட்டு மைல் அளவில் விரைகின்றது. நேருக்கு நேராக வரும் இரண்டு விமானங்கள் ஒவ்வொரு நிமிடத்திலும் பதினாறு மைல் அளவு நெருங்குகின்றன. விமானி கண்ணாற் கண்டு விலகலாம் என்று நம்பியிருக்க அங்கே காலம் போதாது. தரையில் ராடார் திரையின் முன் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளரே இவனை ஏறு என்றும் அவனை இறங்கு என்றும் பணித்து, இடைவெளியைக் காத்து வருகிறார். தமது எல்லையை விமானம் தாண்டு முன்னர், அடுத்த நிலையத்தை அழைத்து, இன்ன உயரத்தில், இன்ன நேரத்தில், இன்ன விமானம் வருகின்றது என்று கூறிக் கையளிக்கிறார். இவ்வாறு கைமாறிக் கைமாறியே ஒரு விமானம் கண்டம் விட்டுக் கண்டம் போய்ச் சேருகின்றது.

இதற்கென உலகின் வான்வெளி முழுவதும் பறப்புத் தகவல் பிரதேசங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இவற்றின் எல்லைகள் நாடுகளின் எல்லைகளையே பின்பற்ற வேண்டும் என்ற நியதி இல்லை. எவருக்கும் சொந்தமில்லாத பெருங்கடலின் மேலும் ஏதேனும் ஒரு நாடு காவல் செய்தே ஆகவேண்டும். கொழும்பின் பொறுப்பிலுள்ள பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். அது இத்தீவின் பரப்பைவிடப் பன்மடங்கு பெரிது. இந்து சமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் தெற்கேயும் கிழக்கேயும் பரந்து, சென்னை, மாலைதீவு, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் பிரதேசங்களைத் தொடுகின்றது. அந்தக் கடலின் மேலுள்ள வான் இலங்கைக்குச் சொந்தமன்று. ஆயினும், அதன் காவல் இலங்கைக்குரியது. சொத்துரிமை வேறு, காவற் கடமை வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கு ஒரு விமானம் சென்னையிலிருந்து வருமானால், வழியிலேயே அது இந்தியக் காவலிலிருந்து இலங்கைக் காவலுக்கு மாறுகின்றது. பயணி அதனை உணர்வதில்லை. அவர் உணராதிருப்பதே அக்கூட்டுறவின் வெற்றி.

நாடுகள் இப்பணியில் ஒன்றுசேர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1960 டிசெம்பர் 13 ஆம் திகதி பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, லக்சம்பேர்க், நெதர்லாந்து, பிரித்தானியா ஆகிய ஆறு நாடுகள் பிரசெல்சில் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. தமது மேல் வான்வெளியின் காவலை ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அதன் நோக்கம். யூரோகொன்றோல் என்னும் அந்நிறுவனம் 1963 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், நோக்கம் முழுவதும் கைகூடவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும் தத்தம் மேல் வான்வெளியின் காவலைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. வல்லரசுகள் பின்வாங்கிய இடத்திற் சிறிய நாடுகள் முன்வந்தன. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரில் 1972 இல் பணி தொடங்கிய பொது நிலையம், இன்றும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகியவற்றினதும் ஜேர்மனியின் வடமேற்குப் பகுதியினதும் மேல் வான்வெளியை, 24,500 அடிக்கு மேலே, ஒரே கூரையின் கீழிருந்து காத்து வருகின்றது. இதற்கான தனி உடன்படிக்கையை அந்நான்கு நாடுகளும் 1986 இல் எழுதிக் கையெழுத்திட்டன. யூரோகொன்றோலின் உறுப்பு நாடுகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டன. பெல்ஜியம் தன் சுதந்திரத்தை இழந்துவிட்டது என்று எவரேனும் கூறுவரோ?

செல்வந்த நாடுகளுக்கு மாத்திரமே இது இயலும் என்பாருமுளர். அவர்கள் ஆபிரிக்காவை நோக்குக. 1959 டிசெம்பரில் செனகலின் சென் லூயி நகரில், சுதந்திரத்தின் வாயிலில் நின்ற ஆபிரிக்க நாடுகள், பிரான்சோடு சேர்ந்து ஒரு பொது வான்வழிச் சேவை நிறுவனத்தை அமைத்தன. தாக்கார் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அசெக்னா என்னும் அந்நிறுவனம், சகாராப் பாலைவனத்திலிருந்து மடகஸ்கார் வரை மிகப் பரந்த வானைக் காக்கின்றது. பழைய ஆட்சியாளரும் அதில் உறுப்பினராய் இருப்பது பற்றி ஐயம் எழுதல் இயல்பே. எனினும், தனித்தனியே ராடாரும் வானொலி நிலையமும் பயிற்சிக் கல்லூரியும் அமைக்க வசதியற்ற நாடுகள், செலவையும் அறிவையும் ஒன்றாக்கிப் பயன் கண்டுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை.

மத்திய அமெரிக்காவின் உதாரணம் இதனிலும் வியப்பானது. 1960 பெப்ரவரியில் ஹொண்டுராசின் தலைநகரான தெகுசிகல்பாவில் ஐந்து நாடுகள் கூடி, கொசெஸ்னா என்னும் பொது நிறுவனத்தை நிறுவின. அவற்றுள் ஹொண்டுராசும் எல் சல்வடோரும் அடங்கும். 1969 யூலையில் இவ்விரு நாடுகளும் ஒன்றோடொன்று போர் தொடுத்தன. அப்போரின் பின்னரும் அவ்வுடன்படிக்கை கிழிபடவில்லை, நிறுவனம் கலையவில்லை. இரு நாடுகளும் இன்றும் அதன் உறுப்பினர்களே. பின்னர் பெலீசும் அதிற் சேர்ந்தது. எழுதி வைத்த கூட்டுறவு, அரசாங்கங்களின் கோபத்தையும் தாண்டி வாழக்கூடியது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இனி, எழுதி வையாத கூட்டுறவின் கதையைக் கூறுவோம். ஜேர்மனியின் தென் எல்லையில், கொன்ஸ்தான்ஸ் ஏரியை அடுத்த வான்வெளியின் ஒரு பகுதியைச் சுவிற்சர்லாந்தின் சூரிச் நிலையம் நெடுங்காலமாகக் காத்து வந்தது. சூரிச் விமான நிலையம் எல்லைக்கு மிக அருகே இருப்பதால், தொழிலை நோக்க அது பொருத்தமான ஏற்பாடே. ஆனால், அதற்கு இரு நாடுகளின் பாராளுமன்றங்களும் ஏற்ற உடன்படிக்கை இருக்கவில்லை. நிலையங்களுக்கிடையிலான நிருவாக இணக்கங்களே இருந்தன. 2001 ஒக்டோபரில் இரு அரசாங்கங்களும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. விமான இரைச்சலால் தொல்லையுற்ற தென் ஜேர்மனியரின் மனக்குறையும் சூரிச் மக்களின் மனக்குறையும் மோதிக்கொள்ள, அது அங்கீகாரம் பெறாமலே போயிற்று. காவல் மாத்திரம் வழக்கப்படி நடந்து வந்தது.

2002 யூலை 1 ஆம் திகதி இரவு, யூபர்லிங்கன் நகரின் மேல், மொஸ்கோவிலிருந்து பார்சலோனா நோக்கிச் சென்ற ருசியப் பயணி விமானமும், இத்தாலியிலிருந்து பிரசெல்சுக்குச் சென்ற சரக்கு விமானமும் மோதின. 71 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் விடுமுறைக்குச் சென்ற சிறுவர்கள். சூரிச் நிலையத்தில் அவ்வேளை திரையின் முன் ஒருவரே இருந்தார். இரண்டு இருக்கைகளின் வேலையையும் அவரே பார்த்தார். பிரதான தொலைபேசி இணைப்பு திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நிலையத்துக் கட்டுப்பாட்டாளரின் திரையில், மோதலுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு முன்னரே அபாய எச்சரிக்கை தோன்றிற்று. அவர் சூரிச்சை மீண்டும் மீண்டும் அழைத்தார். இணைப்புக் கிடைக்கவில்லை. ஆபத்தைக் கண்டவர் ஒரு நாட்டில் இருந்தார். விமானங்களோடு பேசக் கூடியவர் மற்றொரு நாட்டில் இருந்தார். இருவருக்கும் இடையிலே ஒரு தொலைபேசிக் கம்பி ஊமையாய்க் கிடந்தது.

விமானங்களில் இருந்த தானியங்கு மோதல் தடுப்புக் கருவிகள் ஒருவரை ஏறும்படியும் மற்றவரை இறங்கும்படியும் கூறின. தரையிலிருந்து வந்த கட்டளையோ, ஏற வேண்டியவரை இறங்கும்படி பணித்தது. ருசிய விமானி தரையின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார், சரக்கு விமானி கருவிக்குக் கீழ்ப்படிந்தார், இரண்டும் இறங்கின. கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்ற விதி அதன் பின்னரே உலகெங்கும் ஐயமறத் தெளிவாக்கப்பட்டது. இரு எசமானர் இரு கட்டளை இடும்போது எவருக்குக் கீழ்ப்படிவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும் என்பதற்கு 71 உயிர்கள் விலையாயின.

அடுத்து, வழக்கு வந்தது. ருசிய விமானக் கம்பனி ஜேர்மன் அரசின் மீது கொன்ஸ்தான்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. காவல் செய்தது சுவிற்சர்லாந்தின் ஸ்கைகைட் நிறுவனம். தவறு நேர்ந்தது சூரிச்சில். தமக்கு என்ன பொறுப்பு என்பதே ஜேர்மன் அரசின் நிலை. 2006 யூலை 27 ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜேர்மனியின் வானைக் காப்பது ஜேர்மன் அரசின் இறைமைக் கடமை. செல்லுபடியாகும் உடன்படிக்கை இன்றி அதனை வேற்று நாட்டு நிறுவனத்திடம் விட்டிருக்க முடியாது. ஆகவே நட்டத்துக்கு ஜேர்மன் அரசே பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டில், சுவிற்சர்லாந்தின் நீதிமன்றமொன்று அந்நிறுவனத்தின் நான்கு ஊழியரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்தமைக்காகக் குற்றவாளிகளாகக் கண்டது. 2009 இல் ஜேர்மனி தன் அரசியலமைப்பின் 87 ஈ உறுப்புரையையே திருத்தி, ஐரோப்பியச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அப்பணியைச் செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதிற்று. எழுத வேண்டியதை எழுதினார்கள். ஆனால் ஏழாண்டு பிந்தி எழுதினார்கள்.

கொன்ஸ்தான்ஸ் தீர்ப்பை நாம் சட்டக் கல்வியின் கண்கொண்டு மாத்திரம் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அதன் நியாயம் நன்கு விளங்கும். பங்குக் கிணறு எமக்குப் புதிதன்று. நான்கு காணிகளுக்கு ஒரு கிணறு. இன்னாருக்கு இன்ன நாளில் இறைப்பு. வாய்க்கால் எவர் காணியூடாகச் செல்லும், கட்டு இடிந்தால் எவர் எவ்வளவு கொடுப்பர் என்பன யாவும் முறைப்படுத்தப்பட்டுள்ளன. கிணற்றைப் பங்கிட்டதால் எவரும் தம் காணியை இழந்ததில்லை. ஆனால், உறுதியிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படாமல், வாய்ச்சொல்லை நம்பி மூன்று தலைமுறை இறைத்து வந்தவர்கள் நீதிமன்றப் படியில் நிற்பதையும் நாம் காண்கின்றோம். பாட்டன்மார் நல்லவர்கள், அவர்களின் நட்பும் உண்மை. பேரன்மார் கையிலே பத்திரம் இல்லை. சூரிச் வானில் நிகழ்ந்ததும் இதுவே.

ஆசியாவிலே அண்மையில் நிறைவேறிய ஓர் ஏற்பாடு, பத்திரம் எழுதும் முறைக்கு நல்ல சான்று. சிங்கப்பூருக்கு அண்மையிலுள்ள இந்தோனேசியாவின் றியாவ் தீவுகளின் மேல் வான்வெளியை, 1946 முதல் சிங்கப்பூரே காத்து வந்தது. அன்று முடிவு செய்தோர் பிரித்தானிய ஆட்சியினர். இந்தோனேசியாவின் சுதந்திரம் உலகினால் அங்கீகரிக்கப்படு முன்னரே அது நிகழ்ந்தது. தம் சொந்த வானிற் பறக்கத் தாம் அயலவரைக் கேட்க வேண்டியுள்ளதே என்பது இந்தோனேசியரின் நெடுநாட் குறை. 2009 ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தில், பிறர் காவலிலுள்ள தம் வானைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தம் பொறுப்பிற் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் விதித்தனர்.

இவ்வுணர்ச்சியைச் சிங்கப்பூர் இகழவில்லை. சிங்கப்பூரின் தொழிற் தேவையை இந்தோனேசியாவும் மறுக்கவில்லை. 2022 சனவரி 25 ஆம் திகதி பிந்தான் தீவிற் கையெழுத்தாகி, 2024 மார்ச் 22 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, எல்லை மாற்றி வரையப்பட்டு அவ்வான் ஜக்கார்த்தாவின் பிரதேசத்துக்குள் வந்தது. அதன் பின், சிங்கப்பூர் விமான நிலையத்தின் போக்குவரத்துக்கு இன்றியமையாத பகுதிகளில், 37,000 அடி உயரம் வரையிலான காவலை, இந்தோனேசியாவே 25 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தது. வேலை செய்யும் கை பெரும்பாலும் பழைய கையே. ஆனால், முன்னர் அது பிறர் வழங்கிய அதிகாரம். இன்று உடையவன் தவணை குறித்து ஒப்படைத்த பணி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, காணியைக் குத்தகைக்கு விட்டவரும் காணியைப் பறிகொடுத்தவரும் அறிவர்.

சிக்காகோ உடன்படிக்கையின் 11 ஆம் இணைப்பும் இதற்கு வழி செய்துள்ளது. ஒரு நாடு தன் ஆட்சிப்புலத்தின் மேலான வான்வழிச் சேவையை மற்றொரு நாட்டிடம் ஒப்படைக்கலாம். அதனால் அதன் இறைமைக்குக் குறைவு வாராது. ஏற்ற நாட்டின் அதிகாரம் தொழில் நடாத்துவதற்கு வேண்டிய அளவே. இரு தரப்பாரில் எவரும் அவ்வேற்பாட்டை முடித்துக்கொள்ளலாம் என்பன அதன் கருத்து. இறைமையைக் காட்டிக் கூட்டுறவை மறுப்போருக்கும், கூட்டுறவைக் காட்டி இறைமையை மறப்போருக்கும் இதுவே தக்க மறுமொழி.

தெற்காசிய அரசாங்கங்கள் இவற்றிலிருந்து கற்க வேண்டியவை நான்கு. முதலாவது, அண்டை நாடுகளுக்கிடையே வான் காவல் கைமாறும் ஏற்பாடுகள், நிலைய அதிகாரிகளின் கடிதங்களாக மாத்திரம் நில்லாது, பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் உடன்படிக்கைகளில் வேரூன்ற வேண்டும். இரண்டாவது, காவல் தவறினால் நட்டஈடு கொடுப்பவர் எவர், எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்பது அவ்வுடன்படிக்கையிலேயே எழுதப்படல் வேண்டும். பிள்ளையை இழந்த பெற்றோர் இரு நாடுகளின் வாசல்களுக்கு மாறி மாறி அலைதல் கொடுமையாகும். மூன்றாவது, நிலையங்களுக்கிடையே மாற்றுத் தொலைபேசி இணைப்பும், இரவிலும் போதிய ஆட்பலமும் இருத்தல் நிபந்தனையாக வேண்டும். நான்காவது, ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் தவணையும் மீளும் வழியும் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், இரண்டாவது தொலைபேசிக் கம்பியின் விலையையும் யூபர்லிங்கனில் புதையுண்ட வாழ்வுகளின் விலையையும் ஒரே தராசில் இட எவர் துணிவார்? அண்டை நாட்டாரோடு அன்பு பாராட்டும் உரைகளை எமது தலைவர்கள் ஒவ்வொரு மாநாட்டிலும் நிகழ்த்துகின்றனர். அவ்வன்பைச் சட்ட வாசகமாக்கி, இரு நாட்டு மக்களும் படிக்கத்தக்கதாய் வெளியிடுவதே அவர்கள் செய்யவேண்டிய பணி. வானைக் காப்போர் ஒருவராயினும் பலராயினும் ஆகுக. தவறு நேருமிடத்துப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்பது, விமானம் புறப்படு முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.